குழந்தைக்கு முயற்சிக்கிறீர்கள், ஹார்மோன் ஒத்துழைக்கவில்லை: எதை முதலில் பார்ப்பது, எந்த நாளில் பார்ப்பது

நாள் தள்ளிப்போனால் மற்ற பெண்களுக்கு அது ஒரு சேதி. எனக்குப் பதினைந்து வயதிலிருந்தே நாள் தள்ளிப்போவதுதான் வழக்கம், 40 நாள், 52 நாள், ஒருமுறை 70 நாள். முயற்சி ஆரம்பித்த முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் வீட்டிலேயே டெஸ்ட் எடுத்து, ஒற்றைக் கோட்டைப் பார்த்து, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்புறம் இரத்தப்போக்கு வந்ததும் குளியலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வெளியே வருவேன். அந்த ஒரு வருடத்தில் நான் ஒருவரிடமும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: எனக்குக் கருமுட்டை வெளியே வருகிறதா?

வந்திருக்கவே இல்லை. முட்டை வராத மாதத்தில் என்ன பாடுபட்டாலும் கரு நிற்காது, அதில் நம்முடைய குறை எதுவும் இல்லை. அதனால் பிசிஓஎஸ் (சினைப்பையில் முட்டை முழுதாக வளராமல் நின்றுபோகும் கோளாறு), தைராய்டு, புரோலாக்டின் என்று ஏதாவது ஒரு ஹார்மோன் சிக்கலோடு முயற்சி செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மாதங்களை எண்ணாதீர்கள், முட்டை வந்த மாதங்களை மட்டும் எண்ணுங்கள் என்பதுதான். இனி வருவது எல்லாம் அதை எப்படிச் செய்வது, எந்தப் பரிசோதனையை எந்த நாளில் எடுப்பது, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைப் பற்றி. நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக இதை எழுதுகிறேன்.

முட்டை வருகிறதா என்று கண்டுபிடிப்பது

கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம். லேசாகத் திட்டுத் திட்டாகப் படுவது கணக்கில் வராது, சரியாக இரத்தப்போக்கு ஆரம்பிக்கிற நாள்தான் முதல் நாள். அங்கிருந்து அடுத்த பீரியட்ஸுக்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. 21 முதல் 35 நாள் வரை இருந்தால் இயல்பு. 35 நாளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாலோ வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ முட்டை ஒழுங்காக வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

14ஆம் நாள் முட்டை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. முட்டை வந்த பிறகு அடுத்த பீரியட்ஸ் வரை உள்ள இடைவெளிதான் ஏறக்குறைய நிலையானது, பெரும்பாலும் 12 முதல் 14 நாள். முன்பாதிதான் இழுத்துக்கொண்டே போகும். ஆக 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாள் வாக்கில்தான் வரும், 45 நாள் என்றால் 31ஆம் நாள் வாக்கில். அவர் 12, 13, 14 என்று மூன்று நாளைக் குறித்துவைத்து முயற்சி செய்துவிட்டு ஓய்ந்துபோனால் அந்த மாதம் வீண்.

வெளியே வந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ கர்ப்பப்பைக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் வருகிற நாளும் சேர்ந்து ஆறு நாள்தான் வாய்ப்புள்ள நாட்கள், அதிலும் முட்டை வருவதற்கு முந்தைய இரண்டு நாள் மிக நல்லது. முட்டை வந்த பிறகு ஓடுவதைவிட வருவதற்கு முன்பே விந்தணு காத்திருப்பது மேல். சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள் நாளைக் குறிப்பதில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல், பீரியட்ஸ் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே அந்த ஆறு நாளும் தானாக உள்ளே வந்துவிடும். தினமும் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதற்காகச் சேர்த்துவைக்கவும் வேண்டாம். முடிந்ததும் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருப்பதால் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை. வழுவழுப்புக்குப் போடும் ஜெல்களில் பல விந்தணுவின் அசைவைக் குறைக்கும், தேவைப்பட்டால் கருத்தரிப்புக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதை வாங்குங்கள்.

உடம்பே காட்டும் அடையாளம் ஒன்று இருக்கிறது. முட்டை வரும் நாள் நெருங்க நெருங்க வெள்ளைப்போக்கு தண்ணீராகி, வழுக்கி, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இரண்டு விரலுக்கு நடுவில் நீளும். அது தெரிந்தால் அன்றைக்கே முயற்சி செய்யலாம், வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

சிறுநீரில் வைத்துப் பார்க்கும் ஓவுலேஷன் கிட் எல்ஹெச் என்ற ஹார்மோன் திடீரென உயர்வதைக் காட்டும். டெஸ்ட் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ், அதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும். ஆனால் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இது ஏமாற்றும், ஏனென்றால் நமக்கு எல்ஹெச் எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், அல்லது உடம்பு முட்டையை வெளியே தள்ள முயன்று தோற்று மறுபடி முயலும். ஒரே சுழற்சியில் நான்கு முறை எனக்குப் பாசிட்டிவ் காட்டியது, ஒருமுறைகூட முட்டை வரவில்லை. கிட் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே எடுக்கும் உடல் வெப்பநிலையும் உதவும், முட்டை வந்த பிறகு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி அப்படியே நிற்கும், ஆனால் அது வேலை முடிந்த பிறகு வரும் தகவல்.

உறுதியாகத் தெரிய இரண்டு வழிதான். ஒன்று, சினைப்பைக்குள் முட்டையைச் சுமக்கும் சின்னப் பையான முட்டைப்பை வளர்ந்து வெடிப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன். இன்னொன்று, முட்டை வந்த பிறகு உயரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை, அது ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வந்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டாவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ‘21ஆம் நாள் டெஸ்ட்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அதனால் 45 நாள் சுழற்சி உள்ளவருக்கும் 21ஆம் நாளே எடுத்து, முட்டை வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கே அப்படி நடந்தது. அன்றைக்கு முட்டை வருவதற்கான காலமே ஆகியிருக்காது. எடுக்க வேண்டியது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு, அல்லது முட்டை வந்ததாக நினைக்கும் நாளிலிருந்து ஏழு நாள் கழித்து. எப்போது என்றே தெரியாவிட்டால் 21ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, பீரியட்ஸ் வரும் வரை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரத்தப்போக்கு வந்தாலே முட்டை வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முட்டை வராமலே கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துத் தடித்து ஒருநாள் தாங்காமல் உதிரும், அதுவும் பீரியட்ஸ் மாதிரியே இருக்கும். பீரியட்ஸ் வரவழைக்கக் கொடுக்கும் மாத்திரையால் வருவதும் அப்படித்தான், அது உள்சுவரைச் சுத்தம் செய்கிறதே தவிர முட்டையை வரவழைப்பதில்லை. மாத்திரை போட்டு மாதாமாதம் பீரியட்ஸ் வருகிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து இரண்டு வருடம் காத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும்.

இருவருக்கும் ஒரே வாரத்தில்

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பெண்ணுக்கு ஹார்மோன் சிக்கல் இருப்பது தெரிந்துவிட்டால் எல்லோரும் அவளைச் சுற்றியே நிற்பார்கள், கணவருக்குப் பரிசோதனை என்றால் ‘அவருக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறார்’ என்பார்கள். கரு நிற்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. உங்களுக்குப் பிசிஓஎஸ் இருப்பதால் அவருக்கு விந்தணு சரியாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. ஆறு மாதம் முட்டைக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தால் அந்த ஆறு மாதம் போனது போனதுதான். அவருடைய பரிசோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது. அதை முதல் வாரத்திலேயே முடியுங்கள்.

எடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. முழுவதும் குப்பியில் விழ வேண்டும், முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம், அது கொஞ்சம் சிந்திவிட்டால் வெட்கப்படாமல் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு ஒட்டிவைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஆமாம், நான்கே சதவீதம்தான், ‘96 சதவீதம் கோளாறு’ என்று அறிக்கையைப் படித்துவிட்டுக் கலங்காதீர்கள். இந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் அப்பாவானவர்கள் உண்டு. குறைவாக வந்தால் ஒரு அறிக்கையோடு முடிவு கட்டாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. ஜனவரியில் வந்த கடும் காய்ச்சல் மார்ச் மாத அறிக்கையில் தெரியலாம். அதே போல இன்று புகைப்பதை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும். ஜிம்மில் தசை ஏற்ற ஊசியோ டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லோ எடுக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விந்தகத்துக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகும், திரும்பி வர மாதக்கணக்கு ஆகும். ஆண்மைக்கு நல்லது என்று நினைத்து எடுத்தது கருத்தடை மருந்தாக வேலை செய்துகொண்டிருக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம், 35ஐத் தாண்டினால் ஆறு மாதம், 40 என்றால் உடனே, இதுதான் பொதுவான கணக்கு. ஆனால் அந்த ஒரு வருடம் முட்டை மாதாமாதம் வருகிறவர்களுக்கு. சுழற்சி ஒழுங்கில்லாமல் இருந்தால், பீரியட்ஸ் நின்றே போயிருந்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தால், பீரியட்ஸ் வலி வேலை செய்ய முடியாத அளவுக்கு இருந்தால், இடுப்புப் பகுதியில் தொற்றோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்திருந்தால், அவருக்கு விந்தகத்தில் ஏதாவது நடந்திருந்தால், முயற்சி ஆரம்பிக்கும் நாளிலேயே போங்கள். ‘இன்னும் சின்ன வயசுதானே, பொறுத்துப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், எனக்கு வருடத்துக்கு ஐந்து பீரியட்ஸ்தான் வருகிறது, எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்காமல் வந்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஹார்மோன் ஒவ்வொன்றாக

பிசிஓஎஸ்ஸில் இருந்து ஆரம்பிக்கிறேன், நம்மில் அதிகம் பேர் அதில்தான் இருக்கிறோம். பெயரில் சிஸ்ட், கட்டி என்று இருப்பதால் எல்லோரும் பயந்து, கட்டியை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஸ்கேனில் தெரியும் அந்தச் சின்னச் சின்ன வட்டங்கள் கட்டிகளே இல்லை, வளர ஆரம்பித்து பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். இன்சுலின் அதிகமாகச் சுரப்பதால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, அதனால் முட்டைப்பை எதுவும் முழுதாக வளர்ந்து முன்னே வருவதில்லை. ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் அதிகம் (முகத்தில் முடி, விடாத முகப்பரு, அல்லது இரத்தத்தில்), ஸ்கேனில் அந்தத் தோற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ், அதுவும் தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகு. 2003இல் வகுத்த இந்த அளவுகோலில், பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்தலாம் என்று 2023 சர்வதேச வழிகாட்டி சேர்த்திருக்கிறது. ஸ்கேனில் மட்டும் இருந்து பீரியட்ஸ் ஒழுங்காக வந்தால் உங்களுக்குப் பிசிஓஎஸ் இல்லாமலும் இருக்கலாம்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அதைச் சொல்லும் விதத்தில் பலரைக் காயப்படுத்தியிருக்கிறார்கள். எடை அதிகமாக இருப்பவர்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முட்டை தானாக வர ஆரம்பிக்கலாம். 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. பட்டினி கிடந்து 20 கிலோ குறைக்க வேண்டியதில்லை. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களிடம் போய் எடையைக் குறை என்பது தவறான அறிவுரை. எடை குறையும் வரை வைத்தியமே கிடையாது என்று யாராவது சொன்னால், உங்கள் வயதையும் சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள், 38 வயதில் எடைக்காக ஒரு வருடம் காத்திருப்பதில் இழப்பே அதிகமாகிவிடலாம். கருத்தரிப்பதற்கு முன் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், நமக்கு அது முக்கியம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டை மிகவும் குறைத்து, கடுமையாக உடற்பயிற்சி செய்து, எடை சட்டென்று இறங்கி, பீரியட்ஸ் நின்றுபோனால், மூளையே ‘இப்போது பிள்ளை சுமக்கத் தெம்பில்லை’ என்று நிறுத்திவைப்பது. ஸ்கேனில் அதுவும் பிசிஓஎஸ் மாதிரி தெரியலாம். ஆனால் அங்கே எல்ஹெச் குறைவாக, உள்சுவர் மெல்லியதாக இருக்கும், வைத்தியமும் நேரெதிர்: கூடச் சாப்பிட வேண்டும், பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

தைராய்டு. குறைவாகச் சுரந்தால் முட்டை வருவது தடுமாறும், கரு கலையும் வாய்ப்பும் கூடும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன் டிஎஸ்ஹெச்சை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 2.5க்குக் கீழே வைக்க முயல்வது வழக்கம், அறிக்கையில் இயல்பு என்று அச்சிட்ட எல்லை அதைவிடப் பெரிதாக இருக்கும், அதனால் ‘நார்மல்’ என்ற சொல்லோடு நிற்காமல் எண்ணைப் பாருங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான் மூன்றையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன், அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், எண் இறங்கவே இல்லை. நேரத்தைப் பிரித்ததும் இரண்டே மாதத்தில் இறங்கியது. முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், அது தைராய்டு முடிவுகளைத் தப்பாகக் காட்டிவிடும். அதிகமாகச் சுரப்பவர்கள் முயற்சிக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், அதற்கான மாத்திரைகளில் சில கர்ப்பத்தின் முதல் மாதங்களுக்கு ஏற்றவை இல்லை.

புரோலாக்டின் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். அது உயர்ந்தால் உடம்பு தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்று நினைத்து முட்டையை நிறுத்திவிடும். பதற்றம், வாந்திக்கும் மனநலத்துக்கும் எடுக்கும் சில மருந்துகள் எல்லாம் இதை உயர்த்தும், தைராய்டு குறைவும் உயர்த்தும். அதனால் லேசாக உயர்ந்திருந்தால் நிதானமாக உட்கார்ந்துவிட்டு மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்துத்தான் மருந்துக்குப் போக வேண்டும். மருந்து தேவைப்பட்டால் கேபர்கோலின் நன்றாகவே வேலை செய்யும்.

ஏஎம்ஹெச் பற்றித்தான் அதிகக் கண்ணீரைப் பார்க்கிறேன். அது சினைப்பையில் மீதி இருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், குழந்தையின்மை வரலாறு இல்லாதவர்களில் ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்கள் அளவுக்கே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். மாதத்துக்கு வேண்டியது ஒரு முட்டை. ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறை) போகும்போது ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும், அதற்கு மேல் அதில் ஜாதகம் படிக்க வேண்டாம்.

முயற்சிக்கு முன் ஆரம்பிப்பதும் நிறுத்துவதும்

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. குழந்தையின் முதுகுத்தண்டு நரம்புக்குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், சுழற்சி நீண்ட நமக்கு அந்த நேரத்தில் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. வலிப்பு மருந்து, சர்க்கரை நோய், முன்பு நரம்புக்குழாய்க் குறையோடு குழந்தை என்று இருந்தால் அளவு கூட வேண்டும், மருத்துவரிடம் கேளுங்கள். ருபெல்லா (ஜெர்மன் அம்மை) எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கழித்து முயற்சி செய்யுங்கள்.

பிசிஓஎஸ் உள்ளவர்கள் முகப்பருவுக்கும் முடிக்கும் எடைக்கும் தனித்தனி இடத்தில் மருந்து வாங்கியிருப்போம், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும், நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். முடிக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் கூடாது. எடைக்கான செமாக்ளூடைட் ஊசியை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எல்லா மருந்துப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிப்பு, மனநல மருந்துகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பேசி மாற்றிக்கொள்ளலாம்.

மருந்து என்று வந்தால்

பிசிஓஎஸ்ஸில் முட்டையை வரவழைக்க முதலில் கொடுக்கும் மாத்திரை லெட்ரோசோல். டப்பாவில் உள்ள தாளைப் படித்தால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கும், நான் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பயப்பட வேண்டாம். அது சில நாட்களுக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது, மூளை பதறி முட்டைப்பையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூட்டுகிறது, முட்டைப்பை வளர்கிறது. கரு உருவாகும் நேரத்தில் மருந்து பெரும்பாலும் உடம்பை விட்டுப் போயிருக்கும். 2014இல் 750 பெண்களை வைத்து நடந்த ஒப்பீட்டில் ஐந்து சுழற்சிக்குள் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், பழைய மாத்திரையான க்ளோமிஃபீனில் 19.1 சதவீதம். அந்த எண்ணை இன்னொரு விதமாகவும் படியுங்கள், ஐந்து சுழற்சியில் பலருக்குக் கிடைக்கவில்லை, அதனால் முதல் மாதமே வரவில்லை என்று உடைந்துபோகாதீர்கள்.

முதல் சுழற்சியில் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த அளவு மருந்துக்கு முட்டை வளர்கிறதா, இல்லையென்றால் கூட்ட வேண்டுமா, இரண்டு மூன்று வளர்ந்து இரட்டைக் குழந்தைக்கு வாய்ப்பு இருக்கிறதா எல்லாம் அதில்தான் தெரியும். ஸ்கேன் இல்லாமல் ஆறு மாதம் ஒரே அளவு மாத்திரையை எழுதிக்கொடுப்பது எனக்கு ஏற்புடையது இல்லை. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் உதவும், வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு சிறிய அளவில் ஆரம்பித்தால் பழகிவிடும். இனோசிட்டால் பொடியைப் பற்றி நிறைய விளம்பரம் வருகிறது, குழந்தைப்பேற்றுக்கு அதற்கான ஆதாரம் இன்னும் பலமாக இல்லை, அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிவைக்காதீர்கள்.

சில மாதம் முட்டை வந்தும் நிற்கவில்லை என்றால் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எக்ஸ்ரே பரிசோதனையை பீரியட்ஸ் முடிந்து முட்டை வருவதற்கு முன் எடுப்பார்கள். வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும், ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஐவிஎஃப் வரை போனால் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதைத் தடுக்க என்ன முறை வைத்திருக்கிறீர்கள், கருக்களை உறையவைத்து அடுத்த மாதம் வைப்பீர்களா என்று ஊசி ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வயிறு வேகமாக உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கி, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் காலை வரை காத்திருக்காமல் போக வேண்டும்.

முட்டையை வெடிக்கவைக்கும் ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால் பத்துப் பதினான்கு நாளுக்கு வீட்டு டெஸ்ட் பொய்யாக இரட்டைக் கோடு காட்டலாம். புரோஜெஸ்டிரோன் மருந்து மார்பு வலி, தூக்கம், வயிறு கனம் என்று கர்ப்பத்தின் எல்லா அறிகுறியையும் கொடுக்கும், பீரியட்ஸையும் தள்ளிவைக்கும். அந்த இரண்டு வாரத்தில் உடம்பைத் தடவித் தடவி அறிகுறி தேடுவது எவ்வளவு வதை என்று எனக்குத் தெரியும். சொன்ன தேதிக்கு இரத்தப் பரிசோதனை எடுங்கள், அதற்கு முன் டெஸ்ட் கார்டை வீட்டில் வைக்காதீர்கள். ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் என்பதை நீங்கள் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டாருக்கு அவர் சொல்லட்டும். ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூச்சு விட வேண்டும் போலிருந்தால், விடுங்கள்.

இரண்டு கோடு வந்த அன்று

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், கர்ப்பத்தில் அளவு ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் கூட வேண்டியிருக்கும், முதல் ஸ்கேன் வரை காத்திருக்கக் கூடாது. புரோஜெஸ்டிரோன், மெட்ஃபார்மின் எதையும் தானாக நிறுத்தாதீர்கள். ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது அவசரம்.

அப்புறம் தேதி. எனக்குக் கரு நின்ற அந்தச் சுழற்சியில் முதலில் கொடுத்த மாத்திரைக்கு முட்டை வளரவே இல்லை, அளவைக் கூட்டி அதே சுழற்சியில் மறுபடி கொடுத்தார்கள், 27ஆம் நாள்தான் முட்டை வெடித்தது. கடைசி பீரியட்ஸ் தேதிப்படி ஏழு வாரம் என்று வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது வெறும் பை மட்டும் தெரிந்தது, துடிப்பு இல்லை, வளர்ச்சி நின்றிருக்கலாம், சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். என் கணவர் பையிலிருந்து நோட்டை எடுத்து முட்டை வெடித்த தேதியைக் காட்டினார். அதன்படி ஐந்து வாரம்தான், அந்த வயதுக்குத் துடிப்பு தெரியவே தெரியாது. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள், அன்றைக்குத் துடிப்பு தெரிந்தது. சுழற்சி நீண்டவர்கள் முட்டை வந்த தேதியை எழுதிவைத்து முதல் ஸ்கேனுக்குக் கையோடு கொண்டுபோங்கள், திரையைப் பார்க்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.